அத்தை கேட்ட சைக்கிள் நிழல்

சீன மசி ஓவியத்தில் நிலாவை யாரும் வரைவதில்லை. தாளை வட்டமாக அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ள மேகத்தைத்தான் லேசான மசியில் நனைக்கிறார்கள். மேகம் இருண்டுகொண்டே வர, நடுவில் விட்ட வெறுந்தாள் நிலாவாகிவிடுகிறது. இதை முதல்முதலில் போனில் ஒரு வீடியோவாகப் பார்த்தபோது ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தில் டீயும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது. டவுன் பஸ் ஒன்று வந்து, நின்று, என்னை விட்டுவிட்டுப் போனது. நான் அந்த நிலாவையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எது பிடித்தாலும் அப்படித்தான், தலைகால் புரியாது. பி.இ. முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். நீலச் சதுரம், வெள்ளை எழுத்து, ஓரத்தில் சிலுவைக் குறி. நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கை வேறு எதையாவது கேட்கும். மசிக்கட்டியும், உரைக்கும் கல்லும், ஊதினால் பறக்கும் ரைஸ் பேப்பரும் பார்சலில் வந்து இறங்கிய அன்று அம்மா அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"களிமண்ணு நகை மூணு மாசம். கொரியன் பாஷை ரெண்டு மாசம். இது எம்புட்டு நாளைக்குன்னு சொல்லிட்டின்னா அதுக்குத் தக்கன எடத்த ஒதுக்கித் தாரேன்."

இது நிலைத்தது. ஒரு மாத ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். மூங்கில், பாறை, மூடுபனி என்று தொடங்கி, எனக்கு மிகவும் பிடித்துப்போன இடத்துக்கு வந்தேன்: ஊரை நினைத்து வரைகிற படங்கள். எங்கோ வேலைக்குப் போய்விட்டவர் தன் வீட்டை நினைத்து வரைந்தது. மலை, ஆறு, பாதி மறைந்த பாலம், கடைசியில் எள்ளளவு ஒரு வீடு. அந்த வீட்டின் ஜன்னலில் மட்டும் மசி படாமல் ஒரு துளி வெள்ளை. அந்தத் துளி வெளிச்சத்துக்காகத்தான் முழுப்படமும். தாளில் விட்டுவிட்ட வெள்ளையெல்லாம் பனி என்றும் கொள்ளலாம், நினைவுக்கு எட்டாத இடம் என்றும் கொள்ளலாம். ஆனால் எதற்கும் தரையில் விழுகிற நிழல் கிடையாது. மரத்துக்குக் கிடையாது, ஆளுக்குக் கிடையாது. மலையின் ஒரு பக்கம் கருத்திருக்கும், அவ்வளவுதான். ஏன் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். நிழல் விழுந்தால் மணி தெரிந்துவிடும். மணி தெரிந்தால் அது ஒரு குறிப்பிட்ட நாளாகிவிடும். ஊரை நினைக்கிறவருக்கு ஒரு நாள் போதாது, எல்லா நாளும் வேண்டும். இந்த விளக்கத்தின்மேல் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அலுவலகத்தில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னேன்.

அத்தையிடமும் சொன்னேன். அங்கேதான் வினை தொடங்கியது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளோடு இருக்கிறார். மகள் எனக்கு மதினி முறை; மருந்துக்கடையில் வேலை. மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அத்தைக்குக் கண்ணில் பிரஷர். சர்க்கரை மாதிரி, ரத்தக்கொதிப்பு மாதிரி சத்தமில்லாமல் வந்து, தெரிந்தபோது இடது கண் போய்விட்டிருந்தது. வலது கண்ணிலும் ஓரமெல்லாம் அடைந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். "பைப்புக்குள்ள பாக்குத மாதிரி" என்பார். மங்கலான நிறங்கள் எல்லாம் அவருக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும். கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும், வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பொருள் எங்கே முடிகிறது என்று பிடிபடும்.

மதினிக்கு லீவு கிடைக்காத ஒரு நாள் நான்தான் அவரை மதுரைக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டன் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒன்று. பிறகு மறுபடியும் இல்லை. முடிவை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பார்வை போன இடம் கறுப்பு, குறைந்த இடம் சாம்பல், மிச்சமிருக்கும் இடம் வெள்ளை. ஓரமெல்லாம் கறுத்து, சாம்பலாகக் கரைந்து, நடுவில் நகக்கண் அளவு வெள்ளை. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இது: எவ்வளவு அழகாக மசி படர்ந்திருக்கிறது. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அத்தை சொட்டு மருந்தின் எரிச்சலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மாத்திரைச் சீட்டைப் படம் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மாம்பழ சீசன் முடிகிற நேரம். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். நான் வரைந்த படங்களைப் போனில் பெரிதாக்கிக் காட்டி, ஊரை நினைத்து வரைகிற சீனர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏட்டி, எங்க லைன் வீட்ட வரைவியா?"

"எந்த வீடு அத்தை?"

"எந்த வீடா? மில்லு லைன் வீடு. நீ நடக்கப் பழகுனதே அந்த வாசல்லதான். கேக்கா பாரு, எந்த வீடுன்னு."

அந்த மில் மூடி, வரிசை வீடுகளை இடித்து, இப்போது அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துகிறார்கள். வீட்டின் போட்டோ ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்குக் குடத்தோடு தெருக் குழாயடியில் நிற்க வேண்டிய வீட்டை யார் போட்டோ எடுப்பார்கள்? அத்தை வாயால் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் கிறுக்கிக்கொண்டேன்.

"மேக்கப் பாத்த வீடு. செவரு கீழ முட்டளவு நீலம், மேல வெள்ளை, ரெண்டும் சேருத எடத்துல ஒரு கோடு. வாசலுக்கு ரெண்டு படி. வலது கைப்பக்கம் மாமா சைக்கிளு. செவத்துல சாய்க்க மாட்டாவ, பெயிண்டு போயிருமாம். ரெண்டடி தள்ளி ஸ்டாண்டு போட்டு, பொம்பளப் புள்ளைய நிறுத்துன மாதிரி நிறுத்துவாவ."

"சரி."

"நெழலு முக்கியம்ட்டி. எழுதிக்கோ. மூணு மணிக்கு சைக்கிளு நெழலு தரையில கெடக்கும். பொறவு பையப் பைய செவத்துல ஏறும். ஹேண்டில்பாரு நெழலு அந்த நீலக் கோட்டத் தொட்டுச்சின்னா நான் தட்டுல சோத்தப் போட்டுருவேன். கோட்டத் தாண்டுததுக்குள்ள அவிய சாப்புட்டுக் கெளம்பிருவாவ. நாலு மணி ஷிப்டு."

"வீட்ல கடிகாரம் இல்லையா?"

"இருந்துச்சி, உள்ள. நான் வெளிய படியில ஒக்காந்து கம்பெனிக்காரன் குடுத்த பேண்டேஜ சுருட்டிக்கிட்டு இருப்பேன். மடியில துணியப் போட்டுக்கிட்டு மணி பாக்க எந்திரிக்க முடியுமா? செவத்ததான் பாப்பேன்."

"மார்கழியில நிழல் மாறுமே அத்தை. சூரியன் சாய்வு வேற இல்லையா?"

"மாறுந்தான். அதுக்கு ஒரு கணக்கு உண்டு. படிச்ச புள்ளைங்கிறத எல்லா எடத்துலயும் காட்டணுமா?" என்றார். மதினி உள்ளேயிருந்து சிரித்தார். பிறகு அத்தை, மாம்பழக் கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். "இந்தக் கண்ணு இருக்கும்போதே ஒரு தடவ அதப் பாத்துரணும்."

அத்தை என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அதனால் நான் உருகிப்போய், அன்று சாயங்காலமே மசி உரைக்க உட்கார்ந்தேன். பத்து நாளில் நாலு தாள் கிழித்து, ஐந்தாவதில் வீடு வந்தது. சுவரின் நீலப் பகுதிக்கு மூச்சு விட்டது போல ஒரு சாம்பல். அதற்கு மேலே வெறுந்தாள். இரண்டு படி, இரண்டே கோடு. சைக்கிளை ஒரே இழுப்பில் போட்டேன். பெல்லுக்கு ஒரு பொட்டு. மாலை வெயில் சுவரில் அடிப்பதை, எதுவுமே வரையாமல், அந்த வெள்ளையே காட்டியது. நான் வரைந்தவற்றில் அதுதான் உயிரோடு இருந்தது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நிழலுக்கென்று மசியைத் தனியாகக் கரைத்து வைத்திருந்தேன். பிரஷ்ஷை நனைத்தேன். சுவருக்கு மேலே கொண்டுபோனேன். எடுத்துவிட்டேன். மறுபடி கொண்டுபோனேன். அந்த வெள்ளையைத் தொட மனசு வரவில்லை. சீன முறையில் நிழல் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. உண்மை என்னவென்றால், நிழல் போட்டால் படம் கெட்டுவிடும் என்று பயந்தேன். கெடாவிட்டாலும் என் படமாக இல்லாமல் அத்தை படமாகிவிடும். மறுநாள் படத்தைப் போட்டோ எடுத்து மதுரையில் சில ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் படத்தை அத்தையிடம் கொண்டுபோனேன்.

அத்தை படத்தை வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார். பதினொரு மணி வெயில். தாளை முகத்துக்கு நேராகத் தூக்கி, இப்படியும் அப்படியும் நகர்த்தி, அந்தக் குழாய் ஓட்டைக்குள் எது விழுகிறது என்று தேடினார்.

"என்னட்டி, வெறுந்தாளா இருக்கு?"

நான் அவர் விரலைப் பிடித்துச் சைக்கிள்மேல் வைத்தேன். விரலுக்குப் பின்னால் கண் போனது.

"ஆங்... சைக்கிளு. பெல்லு. அட, கேரியருகூட இருக்கு." முகம் மலர்ந்தது. விரல் மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. நின்றது. "நெழல எங்க?"

"சீன ஓவியத்துல நிழல் போட மாட்டாங்க அத்தை."

"ஏன், சீனாவுல வெயிலே அடிக்காதா?"

மதினி சிரித்தார். நானும் சிரித்துவிட்டு என் விளக்கத்தைத் தொடங்கினேன். ஒரு நாள் போதாது, எல்லா நாளும் வேண்டும், வெறுந்தாளே வெளிச்சம் என்று எதையும் விடவில்லை. அத்தை பொறுமையாகக் கேட்டார். "நிழல் விழுந்தா மணி தெரிஞ்சிரும் அத்தை" என்று முடித்தேன்.

"அதுக்குத்தானட்டி கேட்டேன்" என்றார்.

 மதுரைக் கண்காட்சி முடியட்டும், முடிந்ததும் நிழலைப் போட்டு அவர் கையிலேயே தந்துவிடுகிறேன் என்றேன். அத்தை தலையாட்டினார். செத்த நேரம் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

மதினி என்னோடு தெருமுனை வரைக்கும் வந்தார். "ஆபரேசன் ஆவணியில. இருக்குத பார்வையக் காப்பாத்தத்தான் ஆபரேசனே. இம்புட்டு முத்துன கண்ணுல சில பேருக்கு அதும் போயிருமாம், டாக்டரு தெளிவாச் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி குடுத்துரு. இந்தப் படந்தான்னு இல்ல, ஒரு தாள்ல கரித்துண்ட வச்சுத் தடியாப் போட்டுக் குடுத்தாலும் போதும். எங்கம்மா என்ன செவத்துலயா மாட்டப் போறா?"

கண்டிப்பாக என்றேன். கரித்துண்டு என்றது எனக்குள் லேசாகக் குத்தியது. நான் என்ன கரித்துண்டில் கிறுக்குகிறவளா?

இடையில் எத்தனையோ ஞாயிறு வந்தது. பிரேம் போட அலைந்தேன். கண்காட்சிக்கு உடுத்த ஒரு கைத்தறிச் சேலை தேடி அலைந்தேன். சீனர்கள் போலப் படத்தின் ஓரத்தில் முத்திரை குத்த என் பெயரைக் கல்லில் செதுக்கப் பழகினேன், அதற்கே இரண்டு ஞாயிறு போனது.

மதுரையில் என் படத்துக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். படத்துக்குக் கீழே 'நிழல் இல்லாத சுவர்' என்று எழுதி வைத்திருந்தேன். ஏன் நிழல் இல்லை என்று முதலில் ஒருவர் கேட்டார். அத்தை கதையைச் சொன்னேன். படியில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டியது, நீலக்கோடு, தட்டில் சோறு, நாலு மணி ஷிப்ட், மாமா இறந்தது, அத்தைக்குக் கண் போய்க்கொண்டிருப்பது எல்லாம். முடிவில், "நிழலை வரையாமல் விட்டதால்தான் மாமா இன்னும் கிளம்பாமல் இருக்கிறார்" என்றேன். அந்த வாக்கியம் அங்கேயே, அந்த நிமிடத்தில் வந்தது. கேட்ட பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த எல்லாரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எங்கே நிறுத்தினால் அவர்கள் முகம் மாறும் என்று பழகிவிட்டது. யாரோ வீடியோ எடுத்தார்கள். அதை வாங்கி ரீல்ஸாகப் போட்டேன். அதுவரைக்கும் நான் போட்ட எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை.

கடைசி நாள், கண்காட்சியை நடத்தியவர் வந்து, திருநெல்வேலியில் ஆடிக் கடைசியில் தொடங்கி ஒரு மாதம் வைக்கப் போகிறோம், உங்கள் படமும் வர வேண்டும் என்றார். சரி என்றேன். அந்தச் சரிக்கு முன்னால் அத்தையின் ஆபரேசன் நினைவு வரவில்லை என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டுத்தான் சரி என்றேன்.

போனில் அத்தையிடம் சொன்னேன்.

"திருநெல்வேலியா? நல்லதுதான. எப்ப வரும்?"

"ஒரு மாசம் அத்தை. ஆபரேசன் முடிஞ்சு தெளிவா பாத்துக்கலாம்."

அந்தப் பக்கம் தெருவில் யாரோ கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. "சரிட்டி" என்றார். அந்த ஆபரேசனால் எதுவும் தெளியப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆபரேசன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். மதினி போன் செய்தார். "வெளிச்சம் தெரியுதாம்" என்றார். அப்பாடா என்று எனக்குள் ஒன்று துள்ளியது. அடுத்த மூச்சில் மதினி, "ஆளு தெரியல" என்றார். சில நாளில் சரியாகலாம் என்று சொட்டு மருந்து மாற்றினார்கள். சரியாகவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம், டியூப்லைட் எரிகிறதா இல்லையா, அதுமட்டும் தெரியும். கண்ணுக்கு முன்னால் எதுவும் எழுதாத ஒரு தாள்.

அந்த வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் போனில் தேடிக்கொண்டிருந்தேன். சீன ஓவியம், நிழல். நான் சொன்னது சரிதான் என்று யாராவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வந்தவை வேறு. இந்தக் காலத்துச் சீன ஓவியர்கள், இடித்துப்போட்ட தங்கள் பழைய சந்துகளை நினைத்து வரைந்த எண்ணெய் வண்ணப் படங்கள். செங்கல் சுவர், மரக்கதவு, கொடியில் காயும் துணி, சாய்ந்த வெயில். ஒவ்வொன்றிலும் நிழல். கதவுக்கு நிழல், கம்பிக்கு நிழல். வெளிச்சம், இல்லாமல் போன வீட்டைக் காட்டுகிறது; நிழல், கடந்துபோன நேரத்தைக் காட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு படத்தில் சைக்கிள். இன்னொன்றிலும் சைக்கிள். சுவரில் அதன் நிழல், சக்கரக் கம்பி முதற்கொண்டு. இப்படி ஒன்றல்ல, எவ்வளவோ பேர் வரைந்திருக்கிறார்கள். ஒரு மாத வகுப்பில் சொல்லித்தந்த பழைய முறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சீனாவே இவ்வளவுதான் என்று அத்தைக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். நீண்ட சிவப்புச் சுவரில் கிடந்த ஒரு ஹேண்டில்பார் நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைப் பெண் வந்து, சாம்பார் வேண்டுமா என்று கேட்டாள்.

படம் திருநெல்வேலியிலிருந்து வந்த அன்றே பிரேமைக் கழற்றி நிழலைப் போட்டேன். கெட்டியான மசியில், தைரியமாக. படம் கெடவில்லை. அதுவும் ஒரு வலி. மறுநாள் பஸ் ஏறினேன்.

அத்தை முன்னறையில் நாற்காலியில் இருந்தார். செருப்புச் சத்தத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாரு, சீனாக்காரியா? வா."

"படம் கொண்டாந்திருக்கேன் அத்தை."

"நெழலு போட்டியா?"

"போட்டுட்டேன்."

"எப்ப?"

போன மாதமே என்று சொல்லலாம். வாய்க்குள் தயாராக இருந்தது. "நேத்து" என்றேன்.

அத்தை கையை நீட்டினார். தாளை மடியில் வைத்து உள்ளங்கையால் தடவினார். மசி காய்ந்த தாளில் கைக்கு என்ன தட்டுப்படும்? "எங்க வரைக்கும் போட்ட?" என்றார்.

குனிந்து பார்த்தேன். நேற்று அதை யோசிக்கவே இல்லை. எந்த உயரத்தில் அழகாக விழுகிறதோ அங்கே போட்டிருந்தேன். "நீலக்கோட்டத் தாண்டி... ஒரு விரல்கட அளவு."

"தாண்டிருச்சா?" என்றார் அத்தை. "அப்ப அவிய வேலைக்குப் போயாச்சு. சைக்கிளு மட்டும் என்னத்துக்கு அங்க நிக்குது?"

அடுப்படி வாசலில் நின்ற மதினிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"தப்புப் பண்ணிட்டேன் அத்தை."

"ஆமா. பண்ணிட்ட."

விடு தாயி, பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன். எதிர்பார்த்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை. தாளைச் சுருட்டி என் பக்கம் நீட்டினார்.

"இத நீயே கொண்டு போ. இங்க கெடந்தா வாரவுக எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லுவாக. நான் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டு இருக்கணும்."

வாங்கிக்கொண்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒன் வீடியோவ இவ போட்டா. கேட்டேன். நல்லாத்தான் பேசுத. ஆனா என்னமோ நானே நெழல போடாதன்னு சொன்ன மாதிரில்ல பேசுத? கேட்டவ நான். போடாதவ நீ. அத மாத்தாத."

"வீடியோவ எடுத்துருதேன் அத்தை."

"எடு. எடுத்துட்டுச் சும்மா இருந்துராத. அம்புட்டுப் பேர்ட்டச் சொன்னீல்ல, போடலன்னும் சொல்லு. சீனாக்காரன் மேல பழியப் போடாம சொல்லு."

வீடியோவை எடுத்துவிட்டேன். பதிலுக்கு இன்னொன்று எடுக்க முயன்றேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் என் குரல் தானாகவே இனிமையாகி, எங்கே நிறுத்தினால் முகம் மாறுமோ அங்கே போய் நின்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினாலும் கை சும்மா இருப்பதில்லை என்று தெரிகிறது. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் போன ஞாயிறு அத்தைக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மதினி ஒரு இடத்தில் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் பரிசோதனைத் தாளை நான் படம் எடுத்த இடம் அது. அத்தை, சைக்கிள் மட்டும் என்னத்துக்கு நிற்கிறது என்ற இடத்தில், "நாந்தான் சொன்னனா அத?" என்று லேசாகச் சிரித்தார். படித்து முடித்தேன்.

"அந்த நெழல ஒரு தாள்ல போட எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"கரித்துண்டுலயா?"

"எதுலயோ. எனக்குத் தெரியுத மாதிரி தடியா."

"அரைமணி நேரம் அத்தை."

"அத எழுதினியா?"

"இல்ல."

"எழுது."

அரைமணி நேர வேலை. அத்தை வாசல் வெயிலில் நின்று நிழல் எங்கே என்று கேட்ட நாளிலிருந்து ஆபரேசன் வரைக்கும் எனக்குப் பத்து வாரம் இருந்தது.